பார்வை கண்ணிலிருந்து புறப்படுவதில்லை

ஒரு தாளில் இடப்பக்கம் கண்ணையும் வலப்பக்கம் மாம்பழத்தையும் வரைந்து, "கண் எப்படிப் பழத்தைப் பார்க்கிறது? அம்பு போட்டுக் காட்டு" என்று ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். பலர் கண்ணில் தொடங்கிப் பழத்தில் முடியும் அம்பைத்தான் போடுவார்கள். சூரியனையோ விளக்கையோ படத்தில் சேர்க்க மிகச் சிலருக்கே தோன்றும். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுகிறது, அதுதான் பார்ப்பது என்பது அவர்கள் தாங்களாகவே உண்டாக்கி வைத்திருக்கும் விளக்கம்.

வளர்ந்தால் இது தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் வைனரும் ஜேன் காட்ரெலும் பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகளில், கல்லூரி மாணவர்களிலும் கணிசமானோர் பார்க்கும்போது கண்ணிலிருந்து ஏதோ வெளியேறுவதாக நம்பியது தெரியவந்தது. பார்வையைப் பற்றிய பாடத்தைப் படித்த பிறகும் பலரிடம் அந்த நம்பிக்கை அசையவில்லை.

கண்ணைப் பற்றிக் குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம், ஆகவே, அம்பின் திசை. வெளிச்சம் பொருளின் மேல் படுகிறது, அங்கிருந்து சிதறிக் கண்ணுக்குள் வருகிறது, கண்ணிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. இது மனத்தில் பதிந்துவிட்டால் பாகங்களின் பெயர்கள் பின்னால் வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பதியாவிட்டால் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கலாம், அவ்வளவுதான். தாமிரபரணிக் கரைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்தத் தனியாக ஆய்வகம் தேவையில்லை. ஆறும், கரையோர மருத மரங்களும், மீன் குழம்புச் சட்டியும் போதும்.

பூனைக் கண்ணும் பழைய அறிஞர்களும்

"இருட்டுல பூனைக் கண்ணு எரியுதே டீச்சர், அப்போ கண்ணுல இருந்து வெளிச்சம் வருதுல்லா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. நம் நாட்டின் பழைய தருக்க நூலான நியாய சூத்திரம் சொல்லும் சான்றும் இதுவேதான். கண் நெருப்பின் கூறால் ஆனது, அதிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளை அடைகிறது என்ற நியாய மரபினர், இரவில் திரியும் விலங்குகளின் கண்ணில் அந்தக் கதிரைக் காண முடிகிறதே என்று வாதிட்டார்கள். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடும் கண்ணிலிருந்து நேர்கோட்டில் கதிர்கள் போவதாக வைத்துத்தான் தன் ஒளியியலைக் கட்டினார். அந்த அம்பைத் திருப்பிப் போட்டவர்களில் முதன்மையானவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். ஏறத்தாழ 1011-க்கும் 1021-க்கும் இடையில் அவர் எழுதிய ஒளியியல் நூலின் வாதம் குழந்தைக்கும் புரியக்கூடியது. கடும் வெளிச்சத்தை நோக்கினால் கண் கூசுகிறது, வலிக்கிறது. கண்ணை மூடிய பிறகும் அதன் சாயல் சிறிது நேரம் நிற்கிறது. உள்ளே ஏதோ வந்ததால்தானே இப்படி ஆகிறது?

பூனைக் கண்ணுக்கும் விடை உண்டு. பாபநாசத்திலிருந்து முண்டந்துறைப் பக்கம் மலையேறும் வண்டியின் முன்விளக்கு வெளிச்சத்தில் மான்களின் கண்கள் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்வதைப் பார்த்தவர்கள் அநேகம். 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக் காட்டில் புலி, சிறுத்தை, மிளா எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான ஓர் அடுக்கு இருக்கிறது. உள்ளே வந்த ஒளியில் விழித்திரை பிடிக்கத் தவறியதை அந்த அடுக்கு மறுபடி விழித்திரைக்கே அனுப்புகிறது. மங்கிய வெளிச்சத்தில் வாழும் விலங்குக்கு அது இரண்டாவது வாய்ப்பு. அதிலும் தப்பிய மிச்ச ஒளிதான் நம் கண்ணுக்கு வருகிறது. கதவு சன்னல் எல்லாம் அடைத்த கும்மிருட்டு அறையில் எந்தப் பூனையின் கண்ணும் ஒளிராது. இதைப் பிள்ளைகளே சோதித்துப் பார்க்கலாம்.

அம்பின் திசை தெரிந்திருந்தால் வீட்டு நடைமுறையும் தெளிவாகும். 'மெட்ராஸ் ஐ' வந்தவரை நேருக்கு நேர் பார்த்தாலே தொற்றிக்கொள்ளும் என்று பிள்ளைகள் அஞ்சுகிறார்கள், பெரியவர்களும் அஞ்சுகிறார்கள். பார்வையின் வழியே எந்தக் கிருமியும் பயணம் போக முடியாது. கண்ணீரைத் துடைத்த விரல், அந்த விரல் தொட்ட துண்டு, தலையணை உறை, பள்ளிக்கூடக் குழாயின் கைப்பிடி, இவற்றின் வழியாகத்தான் அது பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி நோயாளியின் கண் கூசாமல் காக்கிறது, அடுத்தவரைக் காப்பது சோப்புப் போட்டுக் கழுவிய கை. கண்பட்டுவிடும் என்று குழந்தையின் கன்னத்தில் வைக்கும் மைப்பொட்டில் பாட்டியின் பாசம் இருக்கிறது, அதனால் கேடு ஒன்றுமில்லை. அதே மையை விரலால் கண்ணுக்குள் தீட்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. விரலின் அழுக்கு கண்ணுக்குள் போகும், சில மைகளில் ஈயமும் கலந்திருக்கிறது.

மரத்தடியில் விழும் சூரியன்

நல்ல வெயில் நேரத்தில் ஆற்றங்கரை மருத மரத்தடிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்த் தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இலைகளுக்கு இடையில் உள்ள இடைவெளிகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஆனால் தரையில் விழும் வெளிச்சத் துண்டுகளில் பல வட்டமாக இருக்கின்றன. ஏன் என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். சிறு துளை வழியே வரும் ஒளி, துளையின் வடிவத்தைக் காட்டாமல் ஒளி வந்த இடத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. 2010 ஜனவரி 15 அன்று, பொங்கலுக்கு மறுநாள், தென்மாவட்டங்களில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது மரத்தடி வட்டங்கள் முதலில் பிறையாகி, பிறகு வளையங்களாக மாறின. சூரியனை அண்ணாந்து பார்க்காமலே தரையில் கிரகணத்தைக் காண முடிந்தது.

இதையே வகுப்பறைக்குள் கொண்டுவர ஒரு காலி அல்வா அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கம் ஊசியால் சிறு துளை போட வேண்டும். எதிர்ப்பக்கத்தை வெட்டியெடுத்து எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்ட வேண்டும். துளையைச் சன்னலை நோக்கிப் பிடித்து, தலைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு இருட்டாக்கிக்கொண்டு தாளைப் பார்த்தால் சன்னலும் அதற்கு வெளியே உள்ள தென்னையும் தலைகீழாகத் தெரியும். மேலேயிருந்து வரும் ஒளி துளையைத் தாண்டிக் கீழே போகிறது, கீழேயிருந்து வருவது மேலே போகிறது. நம் கண்ணுக்குள்ளும் படம் இப்படித் தலைகீழாகவே விழுகிறது. 1604-ல் வானியலாளர் கெப்ளர் இதை வாதித்து நிறுவினார். பின்னர் ஷைனர் என்ற பாதிரியார் மாட்டுக் கண்ணின் பின்புறத்தைச் சீவியெடுத்து அந்தப் படத்தை நேரிலேயே காட்டினார். அதை நிமிர்த்திப் புரிந்துகொள்வது மூளையின் வேலை.

துளையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். படம் வெளிச்சமாகும், கூடவே மங்கிக் கலங்கும். நிறைய வெளிச்சமும் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் ஒளியை வளைத்து ஒரே புள்ளியில் சேர்க்க ஏதாவது வேண்டும். இயற்கை லென்ஸை உண்டாக்கிய காரணம் அந்த இடத்தில் பிள்ளைக்குத் தானாகப் புரிந்துவிடும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். அந்த லென்ஸ் சூரியனை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் சுடுவது சுடும்போது தெரிவதில்லை.

ஆறு நடத்தும் பாடம்

பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, குறுக்குத்துறை என்று படித்துறை படித்துறையாக ஆற்றில் இறங்கிப் பழகிய பிள்ளைகளுக்கு ஒளி வளைவது புதிய செய்தி அல்ல. தண்ணீரில் பாதி நனைந்த கம்பு ஒடிந்ததாகத் தெரிவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடியில் கிடக்கும் கல் எட்டிவிடும் தூரத்தில் தெரிந்து கைக்கு எட்டாமல் போவதையும் பார்த்திருக்கிறார்கள். நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போது ஆழம் முக்கால் பங்காகவே தெரிகிறது. மூன்றடி என்று கண் சொன்னால் உண்மையில் நான்கடி. படியில் நின்று சாய்வாகப் பார்த்தால் ஆழம் இன்னும் குறைவாகத் தோன்றும். முதல் வகுப்புப் பிள்ளையின் உயரம் பெரும்பாலும் நான்கடியைத் தொடுவதில்லை. ஆகவே இது உயிரைக் காக்கும் அறிவியல். ஆற்றங்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் நீச்சலுக்கு முன்பே இதைச் சொல்லித்தர வேண்டும்.

அதே பிள்ளைகளிடம் இன்னொன்றைக் கேட்கலாம். தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் ஏன் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது? ஒளியைக் குவிப்பது லென்ஸ் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். மனிதக் கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் முன்னால் மூடியிருக்கும், அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கார்னியா என்ற தெளிந்த படலத்துடையது. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது. தண்ணீரும் கார்னியாவும் ஒளியை வளைப்பதில் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் தண்ணீரிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும் ஒளி வளையாமல் நேராகப் போய்விடுகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் கண்ணுக்கு முன்னால் சிறிது காற்று நிற்கிறது, பார்வையும் திரும்பிவிடுகிறது. தாய்லாந்துக் கடலோரத்து மோக்கன் பழங்குடிக் குழந்தைகள் கண்ணாடி இல்லாமலே நீருக்குள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்குத் தெளிவாகப் பார்ப்பதை ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-ல் கண்டறிந்தார். கண்மணியை மிகவும் சுருக்கி, லென்ஸையும் முடிந்தவரை குவித்து அவர்கள் அதைச் சாதிக்கிறார்கள். ஐரோப்பியக் குழந்தைகளும் பழகினால் அது வரும் என்று பின்னர் நிரூபணமானது.

அப்படியானால் மீன் எப்படிப் பார்க்கிறது? விடை சட்டியில் இருக்கிறது. சாளையோ அயிலையோ குழம்பில் வெந்ததும் அதன் கண்ணிலிருந்து உருண்டு வரும் வெள்ளை மணி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதுதான் மீனின் லென்ஸ். தண்ணீருக்குள் கார்னியா உதவாது என்பதால் குவிக்கும் வேலை முழுவதையும் லென்ஸே செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் அது உருண்டையாக இருக்கிறது, நம்முடையது தட்டையாக இருக்கிறது. மீன் கழுவும்போது பச்சை மீனின் கண்ணிலிருந்து அந்த மணியை எடுத்து அச்சடித்த எழுத்தின் மேல் வைத்துப் பாருங்கள். தெளிவான மணி, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும். வேக வைத்தால் வெள்ளையாகிவிடும். லென்ஸ் புரதத்தால் ஆனது. சூட்டில் புரதம் உருக்குலைந்து திரள்வதால் ஒளி ஊடுருவ முடியாமல் போகிறது.

நம் தாத்தா பாட்டிகளின் கண்ணில் விழும் புரையும் புரதம் திரள்வதால் வருவதே. அங்கே சூட்டுக்குப் பதில் வயதும் நீரிழிவும் வெயிலும் பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல வேலை செய்கின்றன. கண்புரையால் வரும் பார்வையிழப்பைத் தீர்ப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த ஒருவர் இந்தச் சீமையின் பிள்ளை. 1918-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் எட்டயபுரத்துக்குப் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, சிறு வயதில் மணலில் விரலால் எழுதிப் படித்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியது. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-ல் அதன் கிளை திருநெல்வேலிக்கு வந்தது. உள்ளே பொருத்தும் செயற்கை லென்ஸை வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, 1992-ல் அரோலேப் என்ற தொழிற்கூடம் இங்கேயே அதைத் தயாரிக்கத் தொடங்கியது. பாட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து வந்தால், அவள் கண்ணுக்குள் என்ன மாறியது என்பதை மீன் லென்ஸைக் கையில் எடுத்துப் பார்த்த பேரனால் சொல்ல முடியும்.

இருட்டும் முருங்கைக்கீரையும்

இருவர் இருவராகப் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். ஒருவர் கண்களைக் கையால் பொத்தி இருபது எண்ணிவிட்டுச் சட்டென்று திறக்க, மற்றவர் கண்மணியைக் கவனிக்கட்டும். நடுவிலுள்ள கறுப்பு வட்டம் கண்ணெதிரே சுருங்கும். அந்தக் கறுப்பு ஒரு பொருள் அல்ல, அது ஒரு துளை. கடும் வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கி, இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியக்கூடிய துளை. 'வெளிச்சம் உள்ளே வருகிறது' என்பதை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சோதனை வேறில்லை.

நண்பகல் வெயிலிலிருந்து சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் நாற்காலியே தெரியாது, சிறிது நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் முகமும் தெரியும். கண்மணி விரிய சில நொடிகள் போதும். மிச்ச நேரம் எதற்கு? விழித்திரையில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் பகலில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுகின்றன. சுமார் 12 கோடி குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்துக்கானவை, அவற்றுக்கு நிறம் தெரியாது. குச்சி செல்களில் உள்ள ரோடாப்சின் என்ற நிறமி பகல் வெளிச்சத்தில் சிதைந்துவிடுகிறது. இருட்டில் அது மறுபடி உருவாகி முழுத் திறனுக்கு வர அரை மணி நேரம் வரை ஆகிறது. அந்த நிறமியைச் செய்ய வைட்டமின் ஏ தேவை.

கீரையைச் சாப்பிடு என்பதற்கான காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் தடுமாறுவது குச்சி செல்கள். பகலெல்லாம் ஓடி விளையாடும் குழந்தை, விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் இடறும். அது மாலைக்கண். கவனிக்காமல் விட்டால் கார்னியா வறண்டு, புண்ணாகி, கரைந்து நிரந்தரக் குருடாகும். உடலின் நோய் எதிர்ப்புக்கும் அதே வைட்டமின் வேண்டும். ஆய்வாளர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,000-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளிடம் நடத்தி 1990-ல் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்று ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை மொத்தம் 9 தவணை வைட்டமின் ஏ திரவம் அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கொடுக்கிறார்கள். சாப்பாட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை மஞ்சள் கரு, சுட்ட பனம்பழத்தின் மஞ்சள் சதை எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கீரையோடு கொஞ்சம் எண்ணெய் சேர்ந்தால் உடல் அதை நன்றாக வாங்கிக்கொள்ளும்.

கூம்பு செல்களில் மூன்று வகை இருப்பதால்தான் நமக்கு இத்தனை நிறங்கள். களக்காட்டு மலையில் வாழும் சிங்கவால் குரங்குக்கும் மூன்று வகை உண்டு. இலைக்கூட்டத்தில் பழுத்த பழத்தைப் பிரித்தறிய அது உதவுகிறது. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளுக்கு நான்கு வகை. சில ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரிப்பதில் குறை இருக்கும். இலைக்குப் பழுப்பு நிறம் தீட்டும் பையனை அதட்டுவதற்கு முன் ஆசிரியர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூளை கற்றுக்கொள்ளும் பார்வை

ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளைக் கை நீளத்திலிருந்து மெல்ல அருகே கொண்டுவந்தால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டரில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. அப்படி ஓர் ஓட்டை நம் எல்லோருடைய பார்வையிலும் இருக்கிறது. ஓட்டையாக அதை நாம் உணர்வதில்லை, ஏனெனில் சுற்றியுள்ள வெள்ளைத் தாளைக் கொண்டு மூளை அதை நிரப்பிவிடுகிறது. கண் அனுப்புவது செய்தி மட்டுமே, பார்ப்பது மூளை என்று பிள்ளைகள் அந்த நொடியில் உணர்வார்கள்.

மூளை அந்த வேலையைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை. நரம்பியல் ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு வளர்ந்த வட இந்தியக் குழந்தைகள் சிலருக்கு எட்டு வயதுக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை மூலம் பார்வை கிடைத்தது. கட்டு அவிழ்த்தவுடன், கையால் தடவி நன்கு அறிந்த ஒரு பொருளைக் கண்ணால் பார்த்து அதுதான் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே கற்றுக்கொண்டார்கள். 2011-ல் வெளியான இந்த முடிவு, தொட்டறிந்த பொருளைப் புதிதாகப் பார்வை பெற்றவர் கண்டதும் அடையாளம் காண்பாரா என்று 1688-ல் வில்லியம் மாலினோ என்ற அயர்லாந்துக்காரர் கேட்ட கேள்விக்கு முந்நூறு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில்.

ஆனால் காலம் முக்கியம். ஹியூபல், வீசல் இருவரும் பூனைக்குட்டிகளிடம் நடத்தி 1981-ல் நோபல் பரிசு பெற்ற ஆய்வுகள், பிஞ்சுப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் வராவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடுகிறது என்று காட்டின. மனிதக் குழந்தைக்கும் இதுவே நடக்கிறது. மாறுகண்ணாலோ, ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் இருப்பதாலோ, அந்தக் கண் நாளடைவில் சோம்பேறிக் கண் ஆகிறது. நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுத்துப் பழக்கலாம். ஏழெட்டு வயதுக்குள் தொடங்கினால் பலன் மிக நன்றாக இருக்கும், பிந்தப் பிந்தக் குறையும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் காத்திருக்கும் வீடுகள் இழப்பது இந்த ஆண்டுகளைத்தான்.

பார்வை இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் இந்தப் பாடத்தில் பேச வேண்டும், பரிதாபமாக அல்லாமல் அறிவாக. 1890-ல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளில் அதுவும் ஒன்று. ஆறு புள்ளிகளால் 63 குறிகளை உண்டாக்கும் பிரெய்ல் முறையில் தமிழையும் எழுதலாம், விரல் நுனியால் வாசிக்கலாம். பிஞ்சு வயதிலேயே பார்வை இழந்தவர் பிரெய்ல் படிக்கும்போது, நமக்குப் பார்ப்பதற்காக உள்ள மூளைப் பகுதி வேலை செய்வதை 1996-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். வெளிச்சம் வராத அந்தப் பகுதி சும்மா இருக்கவில்லை, விரல் கொண்டுவரும் செய்தியை வாங்கிக்கொண்டது.

பிள்ளைக்கே தெரியாத குறை

பிறந்தது முதல் மங்கலாகவே பார்க்கும் குழந்தை, உலகமே மங்கல் என்றுதான் நினைக்கும். வேறு எதோடு அது ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? ஆகவே "கண்ணு நல்லா தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்றே பதில் வரும். கண் பாடத்தின் நடைமுறைப் பயன் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு கரும்பலகையைப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல் தெரிகின்றனவா என்று ஒப்பிட ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், தன் குறையைத் தானே கண்டுபிடிக்கும் வழி அதன் கையில் இருக்கிறது.

எழுத்துத் தெரியாத குழந்தைக்கு ஆங்கில 'ஈ' எழுத்தை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். ஆறு மீட்டர் தூரத்திலிருந்து சுமார் 9 மில்லிமீட்டர் உயர எழுத்தைப் பிரித்தறிய முடிந்தால் பார்வை சரி. அளவு நாடாவும் அட்டையும் இருந்தால் பள்ளி ஆசிரியரே முதற்கட்டச் சோதனையைச் செய்துவிடலாம். 2009-ல் தமிழக அரசு தொடங்கிய 'கண்ணொளி காப்போம்' திட்டம் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, வேண்டியவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுக்க வழி செய்தது. கண்ணாடி கிடைத்த பிறகு கேலிக்குப் பயந்து பைக்குள் வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு. வகுப்பே கண்ணைப் பற்றிப் படித்திருந்தால் கண்ணாடி கேலிக்குரியதாக இருக்காது.

கிட்டப்பார்வை இப்போது உலகெங்கும் கூடிவருகிறது. பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளமுள்ள கண் வளர்ந்து 24 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி நீண்டால் படம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து தூரத்துப் பொருள் மங்கும். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஆறேழு வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெட்டவெளியில் கழித்தவர்களில் மூன்றாண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 சதவீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து கண்ணின் நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். வயலும் ஆறும் மலையும் உள்ள பள்ளத்தாக்கில் பிள்ளைகளைக் கைபேசியோடு அறைக்குள் அடைப்பது அவர்கள் கண்ணுக்குச் செய்யும் அநீதி.

அடிபடாமல் காப்பதும் பாடத்தில் சேர வேண்டும். கிட்டிப்புள், பட்டாசு, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட், எருக்கம்பால் ஆகிய நான்கும் கண்ணுக்கு ஆகாதவை. சுண்ணாம்போ எருக்கம்பாலோ தெறித்துவிட்டால் கசக்காமல், காத்திருக்காமல், சுத்தமான தண்ணீரைக் கால் மணி நேரமாவது ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இலைச்சாறும் தாய்ப்பாலும் மருந்தாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முந்திய வாரம் அல்வாப் பெட்டியும் மீன் லென்ஸும் புள்ளி மறையும் தாளும் வகுப்பறைக்குள் வந்திருக்கட்டும். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குறை இருக்கிறதோ இல்லையோ, பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறையும் பிறகு ஆண்டுதோறும் ஒரு முறையும் கண்ணைச் சோதித்துவிடுங்கள். மூளை பார்வையைக் கற்றுக்கொள்ளும் காலம் யாருக்காகவும் நீளாது.

ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, இந்தக் கண்ணைப் பொத்தினா எனக்குப் போர்டு சரியா தெரியலம்மா" என்று சொன்னால், அந்தக் கண் பாடம் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தச் சொல் வீட்டில் யார் காதிலாவது விழுந்து, அந்த வாரமே மருத்துவரிடம் போனால், ஒரு கண் முழு ஆயுளுக்கும் காப்பாற்றப்படும்.